போல்ட் அசையாத பழைய ராணுவத் துப்பாக்கி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: காலஞ்சென்ற மாமனாரின் .303 லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி பல வருடமாகப் பெட்டகத்தில் கிடக்கிறது. கைப்பிடிக்குக் கீழே பட்டையில் கிரீடமும் 1917 என்ற வருடமும் SHT.L.E. III* என்ற எழுத்தும் தெரிகின்றன. தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் கைப்பிடி மேலே எழவே மாட்டேன் என்கிறது. சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் திறந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு மெக்கானிக். தட்டலாமா?
— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது தெரியாமல் சுத்தியைத் தொடக்கூடாது. "அப்பா எப்போதும் காலி செய்துதான் வைப்பார்" என்ற வீட்டார் வார்த்தையை இங்கே கணக்கில் எடுக்க வேண்டாம்.

முதலில் பின்பக்கம் பாருங்கள். போல்ட்டின் பின்முனையில் உள்ள காக்கிங் பீஸ் (சுடும் ஊசியோடு இணைந்த துண்டு) பின்னால் இழுபட்டு நின்றால் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. துரு பிடித்த சியர் (விசையை அழுத்தினால் விடும் கொக்கி) மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்கலாம். அந்த நிலையில் வீட்டு வைத்தியமே வேண்டாம், பதிவு பெற்ற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) விட்டுவிடுங்கள். முன்னால் ஒட்டி நின்றால் மேலே படிக்கலாம்.

விசைக் காப்பின் உள்ளே இருக்கும் கொக்கியை அழுத்தி மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றுங்கள். பிறகு 6 மி.மீ. தடிமன், 90 செ.மீ. நீளமுள்ள மரக்குச்சி ஒன்று எடுத்துக்கொண்டு, குழல் மண் மேட்டைப் பார்த்திருக்க, நீங்கள் பக்கவாட்டில் நின்று, உடலோ முகமோ குழல் வாய்க்கு நேரே வராதபடி குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். குச்சி நின்றதும் குழல் வாய் விளிம்பில் அதன்மேல் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்து பாருங்கள். இந்த ரகக் குழலின் நீளம் 25.2 அங்குலம், அதாவது சுமார் 640 மி.மீ. குச்சி அந்த அளவுக்குப் போனால் அறை காலி. சில மி.மீ. மட்டும் குறைந்தால் சுட்டு முடிந்த பித்தளைக் கூடு உள்ளே இருக்கலாம். ஏழு, ஏழரை செ.மீ. முன்னதாகவே நின்றுவிட்டால் முழுத் தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்; .303 தோட்டாவின் மொத்த நீளம் 78 மி.மீ. குழலின் நடுவில் எங்கோ நின்றால் துடைத்த துணியோ, சிக்கிய குண்டோ அடைத்திருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் எண்ணெய் கூட ஊற்றாமல் கன்ஸ்மித்திடமோ போலீஸ் நிலையத்துக்கோ தொலைபேசியில் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். காரில் நீங்களாகத் தூக்கிப்போக வேண்டாம்.

காலி என்று உறுதியானபின், பிடிப்பது துருவா பூட்டா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும். இந்த ரகத்தில் போல்ட்டைப் பூட்டும் வழி இரண்டு. ஒன்று, இடது பின்புறத்தில் உள்ள சேஃப்டி. பின்னால் சாய்ந்திருந்தால் போல்ட் பூட்டியிருக்கும், முன்னால் தள்ளவேண்டும். மற்றது அரை-காக் நிலை: காக்கிங் பீஸ் பாதி வழியில் மாட்டிக்கொண்டால் விசையும் போல்ட்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். அதன் விளிம்பை விரலால் கெட்டியாகப் பிடித்து முழுவதும் பின்னால் இழுத்தால் விடுபடும். யாராவது முன்பு பிரித்துச் சேர்த்திருந்தால் இன்னொரு கோளாறும் வரும். சேஃப்டியும் அதற்குள் போகும் பூட்டுத் தண்டும் பல-தொடக்க மரைகளால் இணைபவை. மரையை ஒரு தொடக்கம் தவறி மாட்டினால், சேஃப்டி முன்னால் போனாலும் தண்டு போல்ட்டை விடாது. எண்ணெயும் சுத்தியும் இதற்கு உதவாது. சேஃப்டியைக் கழற்றிச் சரியாக மாட்டினால்தான் உண்டு.

இவை எதுவும் இல்லையென்றால் துருவோ கெட்டிப்பட்ட கிரீஸோதான். டர்பன் கடற்காற்றில் ஆரஞ்சு நிறத் தூள் தெரிந்தால் துரு. மஞ்சளும் பழுப்புமாகப் பிசின் போல இருந்தால் காய்ந்த எண்ணெய். பின்னதற்கு மயிர் உலர்த்தியால் இளஞ்சூடு காட்டிவிட்டு, சூடு முழுவதும் ஆறியபின் பாரஃபினில் (மண்ணெண்ணெய்) நனைத்த தூரிகை போதும். பாரஃபின் ஈரம் இருக்கும்போது மறுபடி சூடு காட்டாதீர்கள். துருவுக்கு க்யூ 20 போன்ற ஊடுருவும் எண்ணெய். துப்பாக்கியைச் சாய்த்து நிறுத்தி, போல்ட்டும் ரிசீவரும் (போல்ட் ஓடும் உலோக உடல்) சேரும் இடுக்கு, கைப்பிடி வேர், வலப்பக்க நீள விலா, காக்கிங் பீஸின் பின்வாசல் ஆகிய இடங்களில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி. மூன்று முதல் ஐந்து நாள் பொறுங்கள். கட்டையில் எண்ணெய் இறங்கினால் மரம் கறுத்து மென்மையாகும். ஆகையால் அடியில் துணி கட்டுங்கள்.

கட்டையைக் கழற்ற எண்ணினால் முன்கட்டைதான் முதலில். பின்கட்டையை இறுக்கும் போல்ட்டின் (மேலே சொன்ன போல்ட் அல்ல) சதுர முனை முன்கட்டைக்குள் உள்ள தகட்டில் பொருந்தியிருக்கும். முன்கட்டை மாட்டியிருக்கும்போது பின்கட்டையைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். இதில் நாசமான பழைய துப்பாக்கிகள் கொஞ்சமல்ல.

நான்கைந்து நாள் ஊறியபின், துப்பாக்கியை மரத் தாடையுள்ள வைஸில் இறுக்காமல் நிறுத்தி, கைப்பிடியின் வேருக்குப் பக்கத்தில் நைலான் சுத்தியால் கீழிருந்து மேலாகச் சிறு தட்டுகள். பைப் போட்டு நெம்பாதீர்கள். கைப்பிடி வளையும், முறிந்தும் போகும். புளோ லேம்ப்பால் சூடாக்கினால் ரிசீவரின் பதம் போய்விடும். அசிட்டோன் கலவைகள் கட்டையின் மெருகைத் தின்றுவிடும், தீயும் பிடிக்கும்.

கைப்பிடி எழுந்தது, ஆனால் பின்னால் வரவில்லை என்றால் பெரும்பாலும் பித்தளைக் கூடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறைக்குள் எண்ணெய் விட்டு ஒருநாள் கழித்து, டேப் சுற்றிய 6 மி.மீ. பித்தளைக் கம்பியைக் குழல் வாய் வழியே விட்டு மெதுவாகத் தட்டலாம். அதற்கு முன், உள்ளே குண்டு இல்லை என்பதை மேலே சொன்ன குச்சியால் மறுபடி அளந்து பார்த்துவிடுங்கள். போல்ட் கடைசிவரை வந்து வெளியேறாமல் நின்றால் கோளாறில்லை. போல்ட் தலையை ஸ்பிரிங் பிடிப்பிலிருந்து மேலே தூக்கினால் வந்துவிடும்.

வெளியே வந்த போல்ட்டின் எண்ணும் ரிசீவரின் எண்ணும் ஒன்றா பாருங்கள். வேறாக இருந்தால் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகப்புக்கும் தோட்டா விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்காமல் சுடக்கூடாது. .303 தோட்டாவின் விளிம்பை வைத்து அளக்கிறார்கள்: குறைந்தபட்சம் 0.064 அங்குலம், ராணுவக் கள வரம்பு 0.074. அளவு சரியாக வந்தாலும், பல வருடம் துருவில் கிடந்ததைக் கன்ஸ்மித் பார்த்தபிறகே சுடவேண்டும்.

கேள்வி: என்னிடம் உரிமத்தோடு உள்ள போயர் காலத்து மவுசர், ரிசீவரில் O.V.S. முத்திரை. சேஃப்டி கொடி வலப்பக்கம் சாய்ந்து இறுகிவிட்டது.
— ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆரஞ்சு சுதந்திர நாட்டுக்காகச் செய்த துப்பாக்கி அது. கொடி வலப்பக்கம் இருந்தால் ஸ்பிரிங் இழுத்த நிலையில் நிற்கிறது, போல்ட்டும் பூட்டியிருக்கிறது. இழுக்காத நிலையில் கொடி அங்கே போகவே போகாது. அறை காலியா என்று முதலில் குச்சியால் பாருங்கள் (உங்கள் குழல் நீளம் சுமார் 74 செ.மீ.). பிறகு கொடியின் தண்டில் எண்ணெய் ஊறவிட்டு, பித்தளைத் துண்டால் மெல்லத் தட்டி, கொடியை நேரே நிமிர்ந்த நடுநிலை வரை மட்டும் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் ஊசி பிடிபட்டே இருக்கும், போல்ட் திறக்கும். இடப்பக்கம் முழுவதும் தள்ளினால் ஊசியைப் பிடிப்பது துரு பிடித்த சியர் ஒன்றுதான். அது வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. கட்டையில் பழைய பெயர் செதுக்கியிருந்தால் உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள், துப்பாக்கியின் மதிப்பில் பாதி அங்கேதான்.

கேள்வி: 1900க்கு முன் செய்தது என்றால் உரிமம் தேவையில்லையாமே?
— ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 'பழம்பொருள்' என்று ஏற்பது 1900 ஜனவரி 1க்கு முன் செய்யப்பட்ட, குழல் வாய் வழியே மருந்து இடும் ரகங்களையும் அவற்றின் நகல்களையும் மட்டுமே. பின்புறத்தில் தோட்டா போடும் மவுசரும் லீ-என்ஃபீல்டும் எந்த வருடத்தினதாக இருந்தாலும் அதில் சேராது, உரிமம் கட்டாயம். உரிமதாரர் இறந்திருந்தால் வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும், இல்லையேல் முறைப்படி கைமாற்றவோ செயலிழக்கச் செய்யவோ வேண்டும். சாட்ஸ்வொர்த் வாசகரும் எண்ணெய்ப் புட்டியைத் திறக்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.