கல்லறை இல்லாத குண்டுவீச்சு விமானியை எங்கே நினைவுகூர்கிறார்கள்?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனிலிருந்து பறந்து, உடலும் கிடைக்காமல் போன விமானி என்றால் முதலில் ரன்னிமீட் நினைவிடத்தில் பெயரைத் தேடுங்கள். தேம்ஸ் நதியைப் பார்த்த குன்றில், 1953இல் திறக்கப்பட்டது. குறுகிய ஜன்னல்களின் பக்கக் கற்களில் 20,000க்கும் அதிகமான பெயர்கள். விரலால் தடவிப் படிக்கலாம்.

பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் படை மட்டும் 55,573 பேரை இழந்தது. ஆனாலும் லண்டன் கிரீன் பார்க்கில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுந்தது 2012இல்தான். அந்தப் படை குண்டுவீசிய டிரெஸ்டன் போன்ற ஜெர்மன் நகரங்களில் மடிந்த பொதுமக்களை வைத்துப் பார்த்தால் அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டவரையும் அங்குள்ள கல்வெட்டு நினைவுகூர்கிறது. அண்ணாந்து பார்க்க மறவாதீர்கள்: பெல்ஜியத்தில் விழுந்த ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தின் அலுமினியமும் அந்தக் கூரையில் இருக்கிறது.