பிபி கட்டுப்பாடு 80 சதவீதமா, 40 சதவீதமா?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். எங்கள் கணக்குப்படி, பிபி நோயாளிகளில் 80 சதவீதம் பேருக்கு அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் 40 சதவீதம் என்று காட்டினார்கள். மென்பொருளில் பிழையா?

பதில்: பிழை இருக்க வாய்ப்பு குறைவு, டாக்டர். எதை எதால் வகுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் பட்டியலில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். கடந்த மூன்று மாதத்தில் 500 பேருக்குத்தான் பிபி பார்த்திருக்கிறீர்கள். அதில் 400 பேருக்கு 140/90-க்குக் கீழே, அதாவது கட்டுப்பாட்டில். பார்த்தவர்களை வைத்து வகுத்தால் 80. பட்டியலை வைத்து வகுத்தால் 40. நான் இரண்டாவதைத்தான் நம்புவேன். பக்கவாதமும் மாரடைப்பும் அந்த வராத 500 பேரில் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். முதல் கணக்கில் அவர்கள் இருப்பதே தெரியாது.

சரி, அந்த 500 பேர் யார்? வீட்டுக்கே போய் பிபி, சர்க்கரை மருந்து தரும் தமிழக அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது 2021 ஆகஸ்ட் 5. அப்போது சேர்ந்தவர்களில் சிலர் இறந்திருப்பார்கள், சிலர் மகள் வீட்டோடு போயிருப்பார்கள், சிலர் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார்கள். பெயர் மட்டும் பட்டியலில் அப்படியே இருக்கும். இரட்டைப் பதிவும் உண்டு. நம் ஊரில் இனிஷியல் ஒரு தடவை முன்னால் வரும், ஒரு தடவை பின்னால் வரும். ‘சரஸ்வதி’யை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். கணினிக்கு அவர்கள் நாலு பேர். பட்டியலை எக்செலில் இறக்கி, கைபேசி எண்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே எண்ணில் கணவன், மனைவி, மாமியார் மூவரும் இருக்கலாம் என்பதால் வயதையும் தெருவையும் ஒப்பிடாமல் எதையும் நீக்க வேண்டாம்.

அப்புறம், நான் எந்த நிலையத்துக்குப் போனாலும் முதலில் பார்ப்பது பிபி அளவின் கடைசி இலக்கத்தை. டிஜிட்டல் கருவியில் 127/83, 134/76 என்று எல்லா இலக்கமும் கலந்து வரும். பூஜ்யத்தில் முடிவது ஏறக்குறைய பத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவில் பாதிக்கு மேல் 130/80, 120/80 என்றிருந்தால், பார்த்ததைத் தோராயமாக்கி எழுதியிருக்கிறார்கள், அல்லது பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள். 138/88 மட்டும் குவிந்திருந்தால் 140-ஐத் தாண்டக்கூடாது என்ற பயம் வேலை செய்கிறது என்று பொருள்.

இதைக் கண்டுபிடித்ததும், வீடு வீடாகப் போய் பிபி பார்க்கும் தன்னார்வலரைக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள். கருவியில் பேட்டரி இருக்கிறதா, பெரிய கைக்கு ஏற்ற பட்டை இருக்கிறதா, ஒரு நாளில் எத்தனை வீடு ஏறுகிறார் என்று கேளுங்கள். அளவு அதிகமாக வந்தால் அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும் என்றால், அதிகமான அளவு உங்களுக்கு வரவே வராது.

வராதவர்கள் பட்டியலைத் துணை சுகாதார நிலைய வாரியாகப் பிரித்து, கடைசி அளவு 180/110-க்கு மேல் இருந்தவர்களை மேலே வைத்து, கிராம சுகாதார செவிலியரிடம் கொடுங்கள். இறந்தவர், இடம் மாறியவர், வேறிடத்தில் மருந்து எடுப்பவர், மருந்தை நிறுத்தியவர் என்று நாலாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள். இதற்குப் பிறகு 40 என்பது கொஞ்சம் ஏறும். அடுத்த கூட்டத்துக்கு அந்த எண்ணோடு, இன்னும் வராதவர் எத்தனை பேர் என்பதையும் எடுத்துப் போங்கள்.