நாயிடம் பேசுவது மனநோயா?

கேள்வி: எனக்கு 61 வயது. கடலூர் முதுநகரில் தனியாக இருக்கிறேன். சர்க்கரை உண்டு. கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவர் சோறு வைத்துப் பழக்கிய தெருநாய் மணி, இப்போது எங்கள் வாசலிலேயே கிடக்கிறது. அதனிடம் அவரைப் பற்றிப் பேசினால்தான் மனம் லேசாகிறது. அதற்குச் சோறு வைக்க வேண்டுமே என்றுதான் அடுப்பே பற்றவைக்கிறேன். சென்னையில் இருக்கும் மகன், "நாயிடம் பேசுவது மனநோய், நோய்த்தொற்று வேறு வரும், துரத்திவிடு" என்கிறான். என்ன செய்வது?

பதில்: துரத்த வேண்டாம் அம்மா. இது மனநோய் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். துக்கம் அதற்கப்புறம்தான் கனக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் உங்கள் கணவரின் கையில் சாப்பிட்ட ஓர் உயிர் வாசலில் இருக்கிறது. அதனிடம் அவரைப் பற்றிப் பேசுகிறீர்கள். இதில் என்ன தப்பு? பழகிய நாயைத் தடவிக்கொடுக்கும்போது, மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் குறைகிறது. நாயும் வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்திருக்கையில், தாய்-சேய் பாசத்தில் சுரக்கிற ஆக்சிடோசின் இருவருக்குமே கூடுவதை 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த அடுப்பு பற்றிய வரிதான். மணிக்குச் சோறு வைக்கிறீர்கள், சரி. நீங்கள் சாப்பிடுகிறீர்களா? அதை எழுதவே இல்லையே. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். தனியாக இருப்பவருக்கு அது ஆபத்து. மணிக்குச் சோறு வைக்கும்போதே நீங்களும் தட்டோடு உட்காருங்கள்.

மகன் தொற்றுக்குப் பயப்படுவதில் நியாயம் உண்டு. மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், ஆண்டுதோறும். குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். உங்கள் காலில் புண், வெடிப்பு இருந்தால் நக்க விடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சீழ் பிடிக்கலாம். மணியோ வேறு நாயோ, பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருக்காதீர்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'நானும் அவரோடு போயிருக்கலாம்' என்று தோன்றுகிறது என்றால், மணியிடம் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். மனநல மருத்துவரையும் பாருங்கள்.

மகன் அடுத்த முறை வரும்போது, மணியைக் கால்நடை மருத்துவமனைக்கு அவரையே கூட்டிப்போகச் சொல்லுங்கள். அப்பா பழக்கிய நாய் அல்லவா?