நிர்வாகி உரிமை: யாருக்கு, எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

லினக்ஸில் சுடோ உரிமையை, அதாவது சாதாரணப் பயனர் ஒருவர் நிர்வாகியாகக் கட்டளை இயக்கும் உரிமையைக் கொடுப்பது, குறைப்பது, திரும்ப வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில், பெரிய எழுத்து என்று சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்தில் தட்டுங்கள். உதாரணப் பயனரின் பெயர் மாலா.

கேள்வி: டெபியன் நிறுவியிருக்கிறேன். சுடோ போட்டு எதைத் தட்டினாலும் சுடோ விதிகள் இருக்கும் சுடோயர்ஸ் கோப்பில் என் பெயர் இல்லை என்கிறது. 'சு' கொடுத்து ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கு) மாறி, பயனரைக் குழுவில் சேர்க்கும் யூசர்மாட் தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. உபுண்டுவில் இந்தத் தொல்லை வந்ததில்லையே?

பதில்: நிறுவும்போது ரூட்டுக்குக் கடவுச்சொல் கேட்ட இடத்தில் நீங்கள் ஒன்றைக் கொடுத்திருப்பீர்கள். கொடுத்தால் டெபியன் ரூட் கணக்கைத் திறந்து வைக்கும், முதல் பயனரைச் சுடோ குழுவில் சேர்க்காது. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தால் ரூட் கணக்கு பூட்டப்பட்டு, முதல் பயனர் சுடோ குழுவில் சேர்ந்திருப்பார். உபுண்டு அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. அங்கே எப்போதும் இரண்டாவது வழிதான்.

யூசர்மாட் கிடைக்காததற்குக் காரணம் வேறு. 2019-இல் வந்த டெபியன் 10 முதல், வெறும் 'சு' கொடுத்தால் சாதாரணப் பயனரின் பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) அப்படியே தங்கிவிடும். நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் அடைவு அதில் இருக்காது. 'சு' எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடு போடுங்கள். அப்போதுதான் ரூட்டின் முழுச் சூழலும் கிடைக்கும். பிறகு:

யூசர்மாட் -ஏஜி சுடோ மாலா

இதில் ஏ சிறியது, ஜி பெரியது. சுடோ நிரலே இல்லாத சிறிய நிறுவல் என்றால் முதலில் 'ஆப்ட் இன்ஸ்டால் சுடோ'. எல்லாம் முடிந்தபின் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். குழுப் பட்டியல் உள்நுழையும்போதுதான் படிக்கப்படுகிறது, டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. 'ஐடி' என்று தட்டினால் வரும் பட்டியலில் சுடோ தெரிந்தால் வேலை முடிந்தது. ஃபெடோராவில் இதே குழுவுக்கு 'வீல்' என்று பெயர்.

கேள்வி: ஆர்டுயினோ பலகைக்காக என்னை டயல்அவுட் குழுவில் சேர்த்தேன். 'யூசர்மாட் -ஜி டயல்அவுட்' என்று பெரிய ஜி போட்டுத்தான் கொடுத்தேன். பலகை வேலை செய்கிறது, சுடோ போய்விட்டது! உபுண்டு வைத்திருக்கிறேன்.

பதில்: சிறிய ஏ விடுபட்டதுதான் காரணம். ஏ இருந்தால் 'இருப்பதோடு சேர்' என்று பொருள். இல்லாவிட்டால் 'இனி இது மட்டுமே கூடுதல் குழு' என்று பொருள். சுடோவோடு மற்ற கூடுதல் குழுக்களும் போயிருக்கும்.

இதைப் படிக்கும் பிறருக்கு ஒரு வார்த்தை: கட்டளை கொடுத்த பிறகு இன்னும் லாக் அவுட் செய்யவில்லை என்றால், அந்த அமர்வில் பழைய குழுக்கள் உயிரோடுதான் இருக்கும். அங்கேயே சுடோ கொடுத்துச் சரிசெய்துவிடலாம். நீங்கள் வெளியேறிவிட்டதால் ரிகவரி வழிதான். கணினியை ரீஸ்டார்ட் செய்து, துவங்கும்போது யூஇஎஃப்ஐ கணினியானால் எஸ்கேப், பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட் விசையைப் பயன்படுத்தி கிரப் என்ற துவக்கத் தேர்வுப் பட்டியலைக் கொண்டுவாருங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் ரிகவரி மோடு, அதில் ரூட். வட்டு படிக்க மட்டும் திறந்திருக்கலாம் என்பதால் முதலில்:

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /

உடனே குழுவில் சேர்க்கப் பாயாதீர்கள். /ஈடிசி அடைவில் 'குரூப்' கோப்புக்குப் பக்கத்தில், பெயரின் முடிவில் சிறுகோடு ஒட்டிய இன்னொரு கோப்பு இருக்கும். கடைசி மாற்றத்துக்கு முந்தைய நிலையின் நகல் அது. உங்கள் பெயர் எந்தெந்த வரியில் இருந்தது என்று அதில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு மாற்றம் செய்த கணமே அந்த நகல் மேலெழுதப்பட்டுவிடும். குறித்தபின் ஒவ்வொன்றாக 'அட்யூசர் மாலா சுடோ' என்ற வடிவில் சேருங்கள். இந்தக் கட்டளை எதையும் நீக்காது. உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள் யூசர்மாட்டை விட்டுவிட்டு இதையே பழகிக்கொள்வது நல்லது.

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் மாணவர்கள் பிரிண்டர் சேர்க்கவும் ஆர்டுயினோ இணைக்கவும் ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் சுடோ கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். சுடோ குழுவில் இருப்பவர் எந்தக் கோப்பையும் படிக்கலாம், உங்கள் கடவுச்சொல்லையே மாற்றலாம். பிரிண்டருக்கு 'எல்பிஅட்மின்' குழு, ஆர்டுயினோவுக்கு 'டயல்அவுட்' குழு போதும். நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளுக்குள் இயக்கும் டாக்கர் கேட்டால் மட்டும் நிதானியுங்கள். டாக்கர் குழுவில் இருப்பவர் முழு வட்டையும் கன்டெய்னருக்குள் ஏற்றி ரூட்டாகவே எழுத முடியும். பெயரில் சுடோ இல்லை என்பதால் பலரும் இதை யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: அலுவலக சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் நிரலை ரீஸ்டார்ட் செய்யும் உரிமை மட்டும் உதவியாளருக்குத் தர வேண்டும். முடியுமா?

பதில்: முடியும், சுடோவின் சிறப்பே அதுதான். முதன்மைச் சுடோயர்ஸ் கோப்பைத் தொடாமல் தனிக் கோப்பு தொடங்குங்கள்:

சுடோ விசுடோ -எஃப் /ஈடிசி/சுடோயர்ஸ்.டி/மாலா

உள்ளே ஒரே வரி:

மாலா ஆல்=(ரூட்) /யூஎஸ்ஆர்/பின்/சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் என்ஜின்எக்ஸ்

ஆல் பெரிய எழுத்தில் வர வேண்டும். அது எந்தக் கணினியில் என்பதைக் குறிக்கிறது, அடைப்புக்குள் இருப்பது யாராக இயக்கலாம் என்பதை. கட்டளைக்கு முழுப் பாதையும் கட்டாயம். கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சுடோ அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். 'மாலா.கான்ஃப்' என்று பெயர் வைத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுபவர்கள் ஏராளம்.

சாதாரண எடிட்டரில் எழுதாமல் விசுடோ வழியாகவே எழுதுங்கள். பிழை இருந்தால் சேமிக்கும் முன் நிறுத்திக் கேட்கும். அப்போது இ தட்டினால் திருத்தலாம், எக்ஸ் தட்டினால் மாற்றமில்லாமல் வெளியேறலாம், பெரிய க்யூ தட்டினால் பிழையோடு சேமித்துவிடும். அந்த மூன்றாவதைத் தொடவே வேண்டாம்.

அனுமதிக்கும் கட்டளையையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். எடிட்டரான விம், கோப்பைப் படிக்க உதவும் லெஸ் இரண்டுக்கும் உள்ளிருந்தே ஷெல்லை, அதாவது கட்டளை தட்டும் இடத்தை, திறக்கும் வசதி உண்டு. 'லெஸ் மட்டும்தானே' என்று கொடுத்தால் முழு ரூட்டையும் கொடுத்ததாக ஆகும். ஒரு அமைப்புக் கோப்பைத் திருத்தும் உரிமை வேண்டுமென்றால் 'சுடோஎடிட்' என்று எழுதிக் கோப்பின் பாதையைத் தாருங்கள். எடிட்டர் மாலாவின் உரிமையில்தான் ஓடும், திருத்திய பிரதி மட்டுமே ரூட்டாகத் திரும்ப எழுதப்படும். நட்சத்திரக் குறியைத் தவிருங்கள், இடைவெளி உட்பட எதையும் அது ஏற்றுக்கொள்ளும்.

எழுதியது சரிதானா என்று 'சுடோ -எல் -யூ மாலா' காட்டும். எல் சிறியது, யூ பெரியது. ஒரே கட்டளைக்கு இரண்டு விதிகள் பொருந்தினால் கடைசியாக வருவதே செல்லும்.

கேள்வி: நிர்வாகி உரிமை வைத்திருந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். சுடோ குழுவிலிருந்து நீக்கினால் போதுமா?

பதில்: போதாது. 'டெல்யூசர் மாலா சுடோ' கொடுத்தாலும், திறந்திருக்கும் அமர்வில் பழைய உரிமை தொடரும். 'லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் மாலா' கொடுத்து எல்லா அமர்வுகளையும் மூடுங்கள். அவர் பெயரில் சுடோயர்ஸ்.டி அடைவில் கோப்பு இருந்தால் அழியுங்கள். டாக்கர் குழுவையும் மறக்காமல் பாருங்கள். ரூட் கணக்கின் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) அடைவில் 'ஆதரைஸ்டு கீஸ்' கோப்பைத் திறந்து, அவருடைய சாவி இருக்கிறதா என்று சோதியுங்கள். ரூட் கடவுச்சொல் அவருக்குத் தெரிந்திருந்தால் மாற்றுங்கள். சுடோ வழியாக அவர் கொடுத்த கட்டளைகள் டெபியனிலும் உபுண்டுவிலும் பெரும்பாலும் /வார்/லாக்/ஆத்.லாக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு இல்லாத நிறுவலில் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் தேடலாம். 'சுடோ -ஐ' கொடுத்து ரூட் ஷெல்லுக்குள் போனபின் செய்தவை மட்டும் அங்கே பதிவாகியிருக்காது. அவர் நல்ல முறையில் விடைபெறவில்லை என்ற ஐயம் இருந்தால், தரவை மட்டும் எடுத்துக்கொண்டு சர்வரைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு.