அக்குளில் ஒரு சதுரத் துண்டு: வாசகர் கேள்விகள்

சரித்திரப் படங்களுக்கு உடை வெட்டித் தைப்பது முப்பத்தொரு ஆண்டுகளாக என் தொழில். அதைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எவ்வளவு செலவழித்துத் தைத்தாலும் சில படங்களில் உடைகள் மாறுவேடப் போட்டிக்குப் போட்டுக்கொண்டவை போலவே தெரிகின்றன. ஏன்?

மாறுவேட உடையை ஒருவர் அரை மணி நேரம் அணிகிறார். கதையில் வரும் மனிதரோ தம் சட்டையை ஆண்டுக்கணக்கில் உடுத்தியிருப்பார். அந்த ஆண்டுகளைத் துணியில் ஏற்றவில்லை என்றால் எத்தனை உயர்ந்த பட்டாக இருந்தாலும் கண் நம்பாது. தைத்து முடிப்பது பாதி வேலைதான்.

முதலில் நாலைந்து முறை வெந்நீரில் துவைத்துக் கஞ்சியைப் போக்குவோம். ஈரமாக இருக்கும்போதே பைகளில் கூழாங்கற்களைப் போட்டுத் தொங்கவிட்டால் பை தொய்ந்துவிடும். முழங்கை, மணிக்கட்டு, கழுத்துப்பட்டி இவற்றை உப்புத்தாளால் தேய்ப்போம். ஓரங்களுக்குக் கம்பி பிரஷ், சில நேரம் துருவி. வெயில் படும் தோளும் முதுகும் வெளுக்க வேண்டும்; மடிப்புக்குள் பழைய நிறம் அப்படியே நிற்க வேண்டும். பிறகு நீர்த்த சாயத்தைத் தெளித்து, காயவைத்து, மறுபடி தெளிப்போம். அழுக்கை ஒரே பூச்சாகப் பூசினால் அது பெயிண்ட் போலத் தெரியும். அது படிப்படியாகப் படிந்ததாகத் தெரிய வேண்டும்.

இதில் எனக்குப் பாடம் கற்பித்தவர் ஒரு மூத்த நடிகர். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில் மூட்டை சுமக்கும் ஒருவருக்குச் சட்டை தயார் செய்தேன். இரண்டு தோள்களையும் ஒரே அளவில் நன்றாகத் தேய்த்து, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை அணிந்து கண்ணாடி முன் சற்று நேரம் நின்றார். “ஏம்மா, நான் எந்தத் தோளில் மூட்டை சுமக்கிறேன்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே அதைப் பிரித்துவிட்டுப் புதிதாக ஒன்று தைத்தேன். வலது தோள் நூல் தெரியும் அளவுக்கு நைந்து, அதன்மேல் ஓர் ஒட்டு. இடது தோளில் துணியின் நிறம் மாறவில்லை. மூட்டையின் அடிப்பக்கம் உரசும் வலது காதுக்குக் கீழே கழுத்துப்பட்டி மட்டும் கறுத்திருந்தது. மறுநாள் அதை அணிந்தவுடன் அவர் வலது தோளைச் சற்றுத் தாழ்த்தி நின்றார். அப்படி நிற்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன்: இவர் எந்தக் கைப்பழக்கம் உள்ளவர், எதன்மேல் உட்கார்கிறார், இவரிடம் எத்தனை சட்டைகள் உண்டு, அவற்றைத் துவைப்பது யார்?

கல்லூரி நாடகத்துக்கு உடை தைக்கிறேன். பழைய ஓவியங்களையும் சிலைகளையும் பார்த்து வெட்டினால் போதுமா அக்கா?

போதாது, தங்கையே. ஓவியம் முன்பக்கத்தைக் காட்டும், முதுகைக் காட்டாது. செல்வர்களைக் காட்டும் அளவுக்கு ஏழைகளைக் காட்டாது. படம் வரையச் சொல்லிப் பணம் கொடுத்தவர் தம்மிடம் இருந்த மிக நல்ல உடையில் வந்து நின்றிருப்பார். சிலையிலோ மடிப்பு தெரியும், துணியின் எடை தெரியாது. அது எங்கே தொடங்கி எங்கே செருகப்பட்டது என்பதைப் பல சிலைகளில் கண்டுபிடிக்கவே முடியாது.

உண்மையான உடைகள் எஞ்சியிருந்தால் அவற்றையும், அவற்றை அளந்து வரைந்தவர்களின் வரைபடங்களையும் தேடு. இங்கிலாந்தின் ஜேனட் ஆர்னால்ட் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் போய், எஞ்சிய உடைகளின் உள்பக்கத்தைப் புரட்டி, ஒவ்வொரு தையலையும் அளந்து வரைந்தார். 1964 முதல் நூல்களாக வந்த அந்த வரைபடங்களை வைத்துத்தான் உலகெங்கும் என்னைப் போன்றவர்கள் வேலை செய்கிறோம். கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் இடுகாட்டில் 1921-இல் தோண்டியபோது, உறைந்த மண்ணுக்குள், ஸ்காண்டிநேவிய வழிவந்த இடைக்கால நார்ஸ் மக்களின் கம்பளி உடைகள் கிடைத்தன. சாதாரண மக்கள் உடுத்தியவை அவை. பக்கவாட்டில் முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துக் கீழ்ப்பகுதியை அகலமாக்கியிருந்த விதத்தை அவற்றில் பார்க்கலாம். துணியை வீணாக்காத அந்த வெட்டுக்கு முன் என் படிப்பு சிறியது.

எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. எகிப்தில் தர்கான் என்னும் இடத்தில் 1913-இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டி எடுத்தவற்றுள் ஒரு கந்தல் மூட்டை இருந்தது. 1977-இல் லண்டனில் அதைச் சுத்தம் செய்து பிரித்தபோதுதான் உள்ளே ஒரு லினன் சட்டை இருப்பது தெரிந்தது. 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. கையிலும் தோளிலும் நுண்ணிய மடிப்புகள் வைத்துத் தைத்தது. அதன் முழங்கையிலும் அக்குளிலும் உடுத்தியதால் விழுந்த சுருக்கங்கள் இன்றும் இருக்கின்றன. யாரோ ஒருவர் கையை மடக்கிய சுருக்கம்! அதன் புகைப்படம் என் வெட்டு மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

முழுவதும் கையால் தைப்பீர்களா? இயந்திரத்தைத் தொடுவதே இல்லையா?

தொடுவேன். எலியாஸ் ஹோவின் தையல் இயந்திரக் காப்புரிமை 1846-ஆம் ஆண்டுக்குரியது. வீடுகளில் இயந்திரம் பரவியது அதற்கும் பிறகு. அதற்கு முந்தைய கதை என்றால் கேமராவுக்குத் தெரியும் தையல் ஒவ்வொன்றும் கைத்தையல்தான்: காஜா, கழுத்து ஓரம், மணிக்கட்டு, கீழ் மடிப்பு. உள்ளே ஓடும் நீண்ட தையல்களை இயந்திரத்தில் ஓட்டுவேன், இல்லாவிட்டால் படப்பிடிப்புத் தேதிக்கு உடை போய்ச் சேராது. ஒருமுறை அவசரத்தில் ஒரு மணிக்கட்டு ஓரத்தை இயந்திரத்தில் விட்டுவிட்டேன். மிக அருகில் எடுத்த காட்சியில், கடிதத்தைப் பிரிக்கும் கையோடு அந்தத் தையலும் திரை முழுவதும் நிறைந்தது. அளந்து வைத்தாற்போல் ஒரே சீரான தையல். பார்ப்பவர் காரணம் சொல்லமாட்டார், ஆனால் ஏதோ உறுத்தும். கைத்தையலில் மெல்லிய ஏற்ற இறக்கம் இருக்கும், ஒளி அதில் வேறு மாதிரி விழும்.

பழைய காலத்துக் கதை என்றாலே எல்லோரும் மண் நிறத்தில் வருகிறார்கள். அன்று பளிச்சென்ற நிறமே கிடையாதா?

இருந்தது. நிறமில்லாத பழைய காலம் என்பது திரைப்படங்கள் பரப்பிய பொய், அதை எதிர்த்து நான் பல இயக்குநர்களுடன் வாதாடியிருக்கிறேன். மஞ்சிட்டி வேரிலிருந்து நல்ல சிவப்பு, அவுரியிலிருந்து ஆழ்ந்த நீலம், இரண்டு சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பச்சை, இவையெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாயக்காரர்களின் கைவசம் இருந்தவை. கேட்க வேண்டிய கேள்வி, அந்த நிறம் யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதுதான். 1909-இல் பால் ஃபிரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் 12,000 கடல் நத்தைகளிலிருந்து பிரித்தெடுத்த ஊதாச் சாயம் 1.4 கிராம். அந்த ஊதாவை ரோமப் பேரரசர் உடுத்தலாம், அவருடைய குதிரைக்காரர் உடுத்த முடியாது. 1856-இல், பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் லண்டனில் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் போய்த் தற்செயலாக ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். ஆய்வுக்கூடத்துச் சாயங்கள் துணிக்கடைகளை நிறைத்தது அதற்குப் பிறகுதான்.

வெள்ளை வேறொரு தலைவலி. இன்றைய வெள்ளைத் துணியில் ஆலையிலேயே ஒளிர்ப்பொருள் சேர்த்துவிடுகிறார்கள். கேமராவில் அது நீலம் பாரித்து எரியும், நடிகரின் முகத்தை விழுங்கிவிடும். அதனால் எங்கள் பட்டறையில் எந்த வெள்ளைத் துணியும் நீர்த்த தேயிலைச் சாயத்தில் முங்காமல் வெளியே போவதில்லை.

ஒரு பாத்திரத்துக்கு ஒரே உடையில் எத்தனை தைப்பீர்கள்?

சண்டையும் மழையும் இருந்தால் ஒரே சட்டையில் ஆறு: நடிகருக்கு இரண்டு, சண்டைக் கலைஞருக்கு இரண்டு, நனைவதற்கு ஒன்று, ரத்தக் கறைக்கு ஒன்று. ஆறிலும் கிழிசல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

உடை அலங்காரத்துக்கு ஆஸ்கர் எப்போதிருந்து கொடுக்கிறார்கள்? நம்மவர் யாராவது வாங்கியிருக்கிறார்களா?

1949-இல் நடந்த விழாவிலிருந்து. ‘காந்தி’ படத்துக்காக 1983-இல் பானு அதையா, ஜான் மோலோவுடன் சேர்ந்து பெற்றார். ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர் அவரே. விருதில் வெட்டுபவர், தைப்பவர், சாயம் போடுபவர் பெயர்கள் வருவதில்லை. படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலை உட்கார்ந்து படியுங்கள், அது எங்களுக்குப் பெரிய மரியாதை.

தயாரிப்புப் பக்கத்தில் வேலை செய்கிறேன். திரையில் தெரியாத உள்ளாடைக்கும் உள்துணிக்கும் எதற்குச் செலவு என்று எங்கள் அலுவலகத்தில் கேட்கிறார்கள். உங்கள் பதில் என்ன?

ஐயா, இந்தக் கேள்வியோடு நான் முப்பத்தொரு ஆண்டுகளாக மல்லுக்கு நிற்கிறேன். உள்ளே இருப்பது திரையில் தெரிகிறது, நடிகரின் உடல் வழியாக.

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆண்களின் மேலங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பகுதியை மிகக் குறுகலாக வெட்டி, கையைப் பின்தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். அதற்குள் போனவரால் கூன்போட முடியாது. தோள்கள் பின்னால் போகும், மார்பு நிமிரும். வெளித்தோற்றத்தை மட்டும் அப்படி வைத்து, உள்ளே இன்றைய கோட்டின் வெட்டில் தைத்துக் கொடுங்கள். நடிகர் இன்றைய மனிதராகவே நடந்து வருவார். பெண்களின் இடுப்பிறுக்கும் உள்ளங்கியும் அப்படியே. அன்று அதற்குள் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த பலீன் தகடுகளைச் செருகினார்கள். இப்போது பிளாஸ்டிக் தகடுகளையும் எஃகுத் தகடுகளையும் செருகுகிறோம். அதை அணிந்தவர் இடுப்பில் வளைய முடியாது, தொடை மூட்டிலிருந்துதான் குனிவார். ஒத்திகை தொடங்கும் நாளிலேயே காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்து நடிகையிடம் கொடுத்துவிடுவேன். மூன்றாம் வாரத்தில் அவர் நாற்காலி நுனியில் உட்காரும் அழகே வேறு.

போர்க்கவசத்திலும் இதே வழக்குதான். உண்மையான முழு இரும்புக் கவசம் 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். படத்துக்கு ஃபைபர், ரப்பர், பிளாஸ்டிக் வளையம் என்று எடையைக் குறைக்கத்தான் வேண்டும், நாள் முழுவதும் வெயிலில் நிற்பவரின் உடம்பு முக்கியம். ஆனால் எடையே இல்லாத கவசத்தோடு படியேறுபவர் துள்ளி ஏறுவார். அதனால் இடைவாரை மட்டும் கனமான தோலில் செய்து, உள்ளே ஈயத் துண்டுகளைத் தைத்துவிடுவேன். இடுப்பில் பாரம் இருந்தால் காலும் பாரமாக விழும்.

தையல் படிக்கும் மாணவன் நான். சரித்திர உடைத் தையலை எங்கிருந்து தொடங்குவது அம்மா?

அரசர் உடையிலிருந்து தொடங்காதே, தம்பி. 18-ஆம் நூற்றாண்டின் சாதாரண லினன் சட்டை ஒன்றைக் கையால் தை. வளைந்த வெட்டே இல்லாத சட்டை அது. உடல், கை, கழுத்துப்பட்டி எல்லாமே செவ்வகங்களும் சதுரங்களும்தான், ஏனென்றால் அன்று துணியின் விலைதான் பெரிது, தைப்பவரின் கூலி சிறிது. ஓரங்களை மடித்து மூடு, எந்த நூல்முனையும் வெளியே தெரியக் கூடாது.

அக்குளில் ஒரு சதுரத் துண்டு வரும், ஒரு பக்கம் 12 சென்டிமீட்டர் வைத்துக்கொள். அதைத் திருப்பி, ஒரு முனை கையின் தையலிலும் எதிர்முனை உடலின் தையலிலும் சேரும்படி பொருத்த வேண்டும். முதல் முறை மூலையில் சுருங்கும். பிரித்துவிட்டு மறுபடி தை. நான் ஏழு முறை பிரித்தேன். சரியாக வந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பார். கீழ் ஓரம் அவ்வளவாக மேலேறாமல் நின்றால் எனக்கு ஒரு கடிதம் எழுது. உள்பக்கத்தின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பு.