250 ஓம் ஹெட்போன் வேண்டாம், வேற வழி இருக்கு

கிளிநொச்சியில வீட்டு அறையிலயே பாட்டும் ஒலிப்பதிவு செய்து லப்டொப்பில மிக்ஸும் பண்ணுறன், அதே ஹெட்போனைப் போனிலயும் பாவிக்கோணும், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 250 ஓம் எடுக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறியள்.

எடுக்காதேங்கோ. ஓம் எண்டது ஹெட்போனின்ர மின்தடை அளவு. 250 ஓமைப் போனில நேரடியாச் செருகினால் சத்தம் காணாது, ஆம்புக்கு, அதாவது சத்தத்தைக் கூட்டுற பெட்டிக்கு, தனியாக் காசு போகும். 80 ஓம் மொடல் அந்தப் பிரச்சினையைக் குறைக்கும். ஆனா நீங்கள் முக்கியமாக் கேட்டது கூட்டிக் குறைக்காத சத்தம். டிடி 770இல பேஸும் தூக்கல், 8 கிலோஹேர்ட்ஸ் பக்கம், அதாவது உச்சச் சத்தங்களில, கூர்மையும் கூட. பாடுறவரின்ர 'ஸ', 'ச' காதைக் குத்தும். மிக்ஸில நீங்கள் அதைக் குறைப்பியள், பிறகு வேற ஸ்பீக்கரில குரல் மங்கிப்போய்க் கேக்கும்.

நடுநிலைக்கு சென்ஹைசர் எச்டி 560எஸ் நல்லது, 120 ஓம். ஆனா அது திறந்த வகை. பாடேக்க தாளச்சத்தம் வெளியில கசிஞ்சு மைக்கில ஏறும். பஸ்ஸில வவுனியா போகேக்க ஹோர்ன் சத்தம்தான் கேக்கும், பாட்டுக் கேக்காது.

அதால என்ர தெரிவு ஓடியோ-டெக்னிக்கா எம்40எக்ஸ். மூடின வகை, 35 ஓம், வயரையும் கழட்டலாம். அதே கொம்பனியின்ர எம்50எக்ஸை விடச் சமநிலையா இருக்கும். அதின்ர தோல்மாதிரி மெத்தைதான் குறை, வன்னி வெயிலுக்கு அரை மணித்தியாலத்தில காது நனைஞ்சிடும். துணி மெத்தை மாத்தலாம், ஆனா மாத்தினால் பேஸும் மாறும். மாத்தமுதல் மிருதங்கத்தின்ர தொப்பிச்சத்தம் (இடப்பக்கத்துக் கனத்த சத்தம்) தெளிவா உள்ள ஒரு பாட்டை நல்லாக் கேட்டு வையுங்கோ, மாத்தினாப்பிறகும் அதையே போட்டுப் பாருங்கோ.