ஏவுகணைச் சோதனை தோற்றால் ஆபத்து குறைந்ததாக அர்த்தமா?

வடகொரியா ஏவும் ஏவுகணை வெடித்துச் சிதறினால் நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பதுதான் என் பதில்.

2016 ஏப்ரல் 15, வடகொரியாவை நிறுவிய கிம் இல் சுங் பிறந்தநாள். அன்று ஏவிய முசுடான் என்ற நடுத்தரத் தூர ஏவுகணை, கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வெடித்தது. அதே மாதம் இன்னும் இரண்டு, மே கடைசியில் ஒன்று, எல்லாமே வீண். ஆனால் ஜூன் 22 அன்று ஒன்று சுமார் 1,400 கிலோமீட்டர் உயரம் போய், 400 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தது. நடுவில் இரண்டே மாதம்!

ஏன் வெடிக்கிறது? குன்னூர் குளிரில் விடிகாலை பம்ப் ஸ்டவ் பற்றவைத்தவர்களுக்குத் தெரியும். எண்ணெய் சரியாகச் சூடேறாவிட்டால், நீல ஜுவாலை வராமல் குபீரென்று மஞ்சள் தீ எழும்பும். திரவ எரிபொருள் ஏவுகணையிலும் சிக்கல் இதே வகைதான்: எரிபொருள் சீராகப் போகாமல் அழுத்தம் தடுமாறினால் இன்ஜினே உடைந்துவிடும். திட எரிபொருளிலோ ஒரு சின்ன விரிசல் போதும். எரியும் பரப்பு கூடி, அழுத்தம் எகிறிவிடும். பீரங்கிக்கான உந்துமருந்து செய்யும் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததால், இந்த விஷயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயத்தோடு பழக்கம்.

அப்புறம், வெடிக்கும் முன் கிடைத்த சில விநாடித் தகவலே அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லிவிடும். அத்தனை தோல்விக்கு அடுத்த வருடமே, 2017 நவம்பரில், வடகொரியாவின் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையான ஹ்வாசாங்-15 ஏறிய உயரம் ஏறத்தாழ 4,475 கிலோமீட்டர்.